மூதாதையருக்கு மனஉறுதி தேவைப்படவில்லை

தான்சானியாவின் வடபகுதியில் எயாசி என்றொரு ஏரி. அதைச் சுற்றியுள்ள வறண்ட புதர்க்காட்டில் ஹட்சா மக்கள் வாழ்கிறார்கள். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் சில நூறு பேர் இன்னமும் வேட்டையாடியும், கிழங்கு, தேன், காட்டுப்பழம் என்று கிடைப்பதைச் சேகரித்தும்தான் வயிறு வளர்க்கிறார்கள். அங்கே பெண்கள் கிழங்கெடுப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். கூர்சீவிய ஒரு கம்பு. இறுகிப்போன மண். பாறைக்கு அடியில் புகுந்து கிடக்கும் வேர். உட்கார்ந்தபடியே குத்திக் குத்தி, கையால் மண்ணை அள்ளிப் போட்டு, கல்லைப் புரட்டி, வெகுநேரம் தோண்டினால்தான் கிழங்கு கைக்கு வரும். அதை நெருப்பில் சில நிமிடம் வாட்டி, தோலை உரித்துக் கடிப்பார்கள். கடித்ததும் முழுதாக உள்ளே போவதில்லை, அவ்வளவு நார். மென்று மென்று சாற்றை விழுங்கிவிட்டு, கரும்புச் சக்கையைத் துப்புவதுபோல் மிச்சத்தைத் துப்பிவிடுவார்கள்.

அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் நடை, குந்தி உட்காரல், கைவேலை, மெல்லுதல், நார்ச்சத்து, கூட வந்த பெண்களோடு பேச்சு எல்லாமே அடங்கிவிடுகின்றன. நல்லபடியாக வாழவேண்டும் என்று அந்தப் பெண் ஒருநாளும் சபதம் எடுத்திருக்க மாட்டாள். எடுக்கவேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை.

முன்னோர் உணவு, கற்கால உணவு, பேலியோ என்று பல பெயர்களில் பேசப்படும் விஷயத்தில் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். ஆதிமனிதன் என்ன தின்றான் என்ற பட்டியலைக் கேட்காதவர் இல்லை. எப்படிப்பட்ட சூழலில் தின்றான் என்று கேட்பவர்கள் குறைவு. பட்டியலை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பியவர்கள் ஒன்றிரண்டு மாதத்தில் களைத்துப் போவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நானே அப்படி மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் விட்டிருக்கிறேன். தொடங்கும்போது இருக்கும் உற்சாகத்தை எப்படித் தக்கவைப்பது என்பதுதான் என் கேள்வி.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

1975இல் வால்டர் வொக்ட்லின் என்ற அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர், கற்கால மனிதனைப் போல உண்பதே உடம்புக்கு ஏற்றது என்று எழுதினார். அப்போது அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பத்து வருடம் கழித்து, 1985 ஜனவரியில், பாய்ட் ஈட்டன் என்ற கதிரியக்க மருத்துவரும் மெல்வின் கான்னர் என்ற மானுடவியலாளரும் சேர்ந்து நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க மருத்துவர்கள் வாசிக்கும் இதழ் அது. விஷயம் அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது. 2002இல் லோரன் கோர்டெய்ன் அதைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தார். தானியம் கூடாது, பருப்பு கூடாது, பால் கூடாது என்ற கறாரான வடிவம் பரவியது அதற்கு அப்புறம்தான்.

அடிப்படை வாதம் எளிமையானது. மனித இனம் பல லட்சம் ஆண்டுகள் வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்ந்தது. விவசாயம் வந்து பத்தாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் சுமார் 400 தலைமுறை. ஆலையில் செய்த உணவு வந்து ஆறேழு தலைமுறைகூட ஆகவில்லை. உடம்பு பழைய உணவுக்குப் பழகியது, தட்டில் இருப்பது புதியது, இந்த இடைவெளியில்தான் சர்க்கரை நோயும் இதயநோயும் முளைக்கின்றன என்றார்கள். கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும் வாதம். பெருமளவு சரியும்கூட. ஆனால் அதிலிருந்து ஒரு பட்டியல் தயாரிக்கப் போனபோதுதான் சிக்கல் தொடங்கியது.

பட்டியல் ஏன் நிற்கவில்லை?

எந்த முன்னோர் என்பதே முதல் கேள்வி. ஆர்க்டிக் பகுதி இனூயிட் மக்கள் கடல்நாய், திமிங்கலம், மீன் என்று ஏறக்குறைய முழுக்க இறைச்சியிலும் கொழுப்பிலும் வாழ்ந்தவர்கள். இன்னொரு பக்கம் பாப்புவா நியூ கினியாவைச் சேர்ந்த கிட்டவா தீவு. 1989இல் ஸ்டஃபான் லிண்டெபெர்க் என்ற சுவீடன் மருத்துவர் அங்கே போய் ஆராய்ந்தார். கிழங்கு, பழம், தேங்காய், மீன் இவைதான் அவர்கள் சாப்பாடு. கலோரியில் பெரும்பங்கு மாவுச்சத்திலிருந்து வந்தது. பெரியவர்களில் பெரும்பாலோர் புகைபிடித்தார்கள். அப்படியிருந்தும் மாரடைப்பும் பக்கவாதமும் அங்கே கிட்டத்தட்ட இல்லை. பொலிவியாவின் சிமானே மக்களைப் பற்றி 2017இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 705 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் 85 சதவீதம் பேரின் இதய ரத்தக்குழாயில், அடைப்புக்கு அறிகுறியான கால்சியம் படிவே இல்லை. அவர்கள் வேட்டையாடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், கூடவே அரிசியும் மரவள்ளியும் வாழையும் சோளமும் பயிரிட்டு வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள். மாவுச்சத்துதான் வில்லன் என்று முடிவு கட்டியவர்களுக்கு இந்த இரண்டு மக்களும் பதில்.

தானியம் விவசாயத்தோடுதான் வாய்க்கு வந்தது என்பதும் சரியில்லை. கலிலேயாக் கடலோரம் ஒஹாலோ என்ற இடத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் காட்டு பார்லியைக் கல்லில் அரைத்த தடயம் கிடைத்திருக்கிறது. ஜோர்டானில் ஓர் அடுப்புச் சாம்பலில் 14,400 ஆண்டுப் பழைய ரொட்டித் துணுக்குகள் அகப்பட்டன. அங்கே விவசாயம் வருவதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் முந்தியது அது. அவ்வளவு ஏன், நியாண்டர்தால் என்ற பழைய மனித இனத்தாரின் பல்லில் ஒட்டிய காரையைச் சுரண்டிப் பார்த்தபோதே வெந்த மாவுச்சத்தின் துகள்கள் தென்பட்டன.

உடம்பும் அப்படியே உறைந்து நிற்கவில்லை. வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கும் திறன் கடந்த பத்தாயிரம் ஆண்டுக்குள் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் தனித்தனியாகப் பரவியது. இன்றும் உலகில் பாதிக்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு அது முழுமையாக இல்லை. ஒருவருக்குப் பால் ஒத்துக்கொள்வதும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வயிறு உப்புவதும் இதனால்தான்.

நாம் தின்னும் காய்கனிகளும் அவர்கள் தின்றவை அல்ல. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி மூன்றும் கடலோரத்தில் தானாய் வளர்ந்த ஒரே காட்டுச் செடியிலிருந்து மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை. காட்டு வாழைப்பழத்தில் சதையைவிட விதைதான் அதிகம். கற்கால மனிதன் தட்டில் இருந்ததை அப்படியே நம் தட்டில் வைக்க ஆசைப்பட்டாலும் வழியில்லை.

இன்னொரு ஆய்வு என்னை நிறையவே யோசிக்க வைத்தது. எகிப்து, பெரு, அமெரிக்கத் தென்மேற்கு, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகள் ஆகிய நான்கு இடங்களைச் சேர்ந்த 137 பழங்கால மம்மி உடல்களை சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். 47 உடல்களில் ரத்தக்குழாய் தடித்திருந்தது. அலூஷியன் தீவினர் வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்கள், அவர்களும் விலக்கில்லை. குடிலுக்குள் அடுப்புப் புகை, அடிக்கடி வந்த தொற்று என்று காரணம் பல இருக்கலாம். பழங்காலம் நோயில்லாத காலம் என்ற கற்பனையை விட்டுவிடுவது நல்லது.

அதே நேரம் ‘அவர்கள் எல்லோரும் முப்பது வயதில் செத்தவர்கள்தானே’ என்று கைகழுவுவதும் தவறு. அந்தச் சராசரியைக் கீழே இழுப்பது குழந்தை மரணங்கள். வேட்டை, சேகரிப்பு மக்களைப் பற்றிக் கிடைத்த கணக்குகளைத் தொகுத்து 2007இல் வந்த ஆய்வின்படி, வயதுக்கு வந்துவிட்டவர்களில் மிகுதியானோர் இறந்தது 70 வயதை ஒட்டி. பேரன் பேத்தி எடுத்துத்தான் போயிருக்கிறார்கள்.

சரி, மிஞ்சுவது என்ன?

கிட்டவா, சிமானே, ஹட்சா, இனூயிட். சாப்பாட்டில் இவர்களுக்குள் ஒற்றுமையே இல்லை. ஆனால் நால்வரின் பழைய தட்டிலும் இல்லாத பொருள் ஒன்றே: ஆலையில் பிரித்தெடுத்து, மறுபடி கூட்டிச் சேர்த்து, பொட்டலம் கட்டிய உணவு. வெள்ளைச் சர்க்கரை, சலித்த மாவு, பிழிந்து சுத்திகரித்த எண்ணெய் ஆகிய மூன்றையும் வெவ்வேறு உருவத்தில் கலந்து விற்பதுதான் அதில் பெரும்பகுதி.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. 1982இல் ஆஸ்திரேலியாவின் கெரின் ஓ’டியா ஒரு காரியம் செய்தார். நகர வாழ்க்கைக்கு வந்து சர்க்கரை நோயாளிகளாகிவிட்ட பழங்குடியினர் பத்துப் பேர், அவரோடு வடமேற்கிலுள்ள தங்கள் பூர்விக நிலத்துக்குத் திரும்பி, ஏழு வாரம் வேட்டையாடியும் சேகரித்தும் மட்டுமே சாப்பிட்டார்கள். கங்காரு, மீன், பறவைகள், காட்டுக் கிழங்கு, தேன். ஏழு வாரத்தில் சராசரியாக 8 கிலோ எடை குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, நாம் பார்க்கும் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 209இலிருந்து 119க்கு இறங்கியது. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. என்றாலும் அந்த எண்களைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

2019இல் அமெரிக்க தேசியச் சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் செய்த ஆய்வு இன்னும் கறாரானது. இருபது பேரை நான்கு வாரம் ஆய்வு விடுதியிலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமையலறையில் சாதாரணப் பொருட்களிலிருந்து செய்த உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆலை உணவு வாரங்களில் அதே மனிதர்கள் ஒருநாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. ஆலை உணவில் நார்ச்சத்து மிகக் குறைவு என்பதால், அளவைச் சமன்செய்ய நார்ப்பொடியைப் பானத்தில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. எண்ணிக்கையில் சமம், வாயில் மெல்லுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவது, எது ருசியாக இருந்தது என்று கேட்டபோது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் கொடுத்தார்கள். ருசியில் மயங்கி அதிகம் தின்றார்கள் என்று சொல்லிவிட முடியாது. வேகமாகத் தின்றார்கள். மென்மையாக இருந்தது, சட்டென்று இறங்கியது, போதும் என்ற செய்தி வயிற்றிலிருந்து மூளைக்குப் போவதற்குள் தட்டு காலியாகிவிட்டது. கிழங்கை மென்று சக்கையைத் துப்பும் அந்த ஹட்சாப் பெண்ணின் தாடைக்கும் இவர்கள் தாடைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 500 கலோரியில் ஒரு பங்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே முன்னோர் உணவு என்பதை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன்: முளைத்ததோ, காய்த்ததோ, நீந்தியதோ, நடந்ததோ, எதிலிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரியும் உணவு. மெல்ல வேண்டிய உணவு. காய், கீரை, கிழங்கு, பழம், பயறு, கொட்டை, முட்டை, மீன், இறைச்சி. தானியம் ஒத்துக்கொள்பவர்களுக்கு முழுத் தானியம், பால் ஒத்துக்கொள்பவர்களுக்குப் பால். பயறையும் பருப்பையும் விலக்கச் சொல்வதற்கு வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஊறவைத்து நன்றாக வேகவைத்தாலே அவற்றிலுள்ள சிக்கல் தரும் பொருட்கள் பெரும்பாலும் போய்விடுகின்றன. மாமிசம் சாப்பிடாதவர்களும் தாராளமாக இந்த வழியில் வரலாம். பால், முட்டைகூட எடுக்காதவர்கள் பி12 வைட்டமினை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேன் கிடைத்தால் அவர்களும் விடுவதில்லை

இனிமேல்தான் என் மனதுக்கு நெருக்கமான பகுதி. ஹட்சா மக்களிடம் எந்த உணவு பிடிக்கும் என்று ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தச் சொன்னார்கள். தேன் முதலிடம். கிழங்கு கடைசி. நார்ச்சத்து மிகுந்த அந்தக் கிழங்கு அவர்களுக்குப் பிடித்த உணவே இல்லை! வேறு எதுவும் கிடைக்காத நாளிலும் கிடைக்கும் என்பதால் சாப்பிடுகிறார்கள். தேன் என்றால் கதையே வேறு. வழிகாட்டிப் பறவை ஒன்று கத்திக்கொண்டே முன்னால் பறக்கும், மனிதன் சீழ்க்கை அடித்துக்கொண்டு பின்னால் ஓடுவான். பருத்த பாவோபாப் மரத்தில் முளைக்குச்சிகளை அடித்து அடித்து ஏறி, புகைமூட்டி, கொட்டு வாங்கி, அடையை எடுப்பான். எடுத்ததும் மரத்தடியிலேயே விரல் வழியச் சாப்பிடுவார்கள். ‘அளவோடு’ என்ற பேச்சே கிடையாது.

நடப்பதிலும் அப்படித்தான். அவர்கள் நிறைய நடக்கிறார்கள். ஆண்கள் தினமும் 11 கிலோமீட்டர், பெண்கள் 6 கிலோமீட்டர் சுமார். ஆனால் வேலை முடிந்தால் உட்கார்ந்துவிடுகிறார்கள். 2020இல் வந்த அளவீட்டின்படி விழித்திருக்கும் நேரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் ஓய்வு! அலுவலகத்தில் உட்காரும் நமக்குச் சற்றும் குறையவில்லை. நாற்காலி இல்லாததால் குந்தியும் மண்டியிட்டும் இருக்கிறார்கள், தொடைத்தசை சும்மா இருப்பதில்லை, அவ்வளவே. தேவையோ மகிழ்ச்சியோ இருந்தால்தான் மனிதன் உடம்பை வருத்துவான், மற்ற நேரம் சக்தியைச் சேமிக்கத்தான் பார்ப்பான், அது பரிணாமம் கொடுத்த புத்தி என்று ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன் தொடர்ந்து எழுதிவருகிறார்.

இதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. இனிப்பைக் கண்டால் கை நீள்வதும் சோபாவைக் கண்டால் உடம்பு சாய்வதும் என் குணக்கேடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவை மனித உடம்பின் இயல்பு. முன்னோர்கள் நம்மைவிட ஒழுக்கமானவர்கள் கிடையாது. அவர்கள் நாக்கும் நம் நாக்கும் ஒன்று. தேனுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு மரம் இருந்தது, கொடுக்கோடு ஒரு கூட்டம் இருந்தது. நமக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே ஓர் அலமாரிக் கதவு இருக்கிறது.

அப்படியானால் உற்சாகத்தை எப்படித் தக்கவைப்பது என்ற கேள்வியே கொஞ்சம் இடம் மாறிவிடுகிறது. உற்சாகம் என்பது தண்ணீர் மாதிரி ஏறும், இறங்கும். அதை நம்பி வாழ்க்கையைக் கட்டக்கூடாது. அது ஏறியிருக்கும் நாளில் சூழலை மாற்றிவைத்துவிட்டால், வற்றிப்போன நாளிலும் வண்டி ஓடும்.

என் மூன்றாவது முயற்சி முறிந்த இரவு இன்னும் நினைவிருக்கிறது. ஒன்பதாவது நாள். தானியம், சர்க்கரை, பால் மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தியிருந்தேன். வேலை முடிந்து வீடு திரும்பும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அடுப்பில் எதுவும் இல்லை. காய் நறுக்கித்தான் ஆகவேண்டும். அலமாரியில், விருந்தாளிகளுக்கென்று வைத்த பிஸ்கட் பொட்டலம். ஒன்று எடுத்தேன். ஒன்றை எடுத்ததும் மனதுக்குள் ஒரு குரல்: ‘சரி, கெட்டது கெட்டுப்போச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்.’ பொட்டலம் காலி. அந்த நாளைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று.

அந்தக் குரலை ஆராய்ச்சியாளர்கள் ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கிறார்கள். 1975இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் செய்த சோதனையில், சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்க்ரீமை எவ்வளவு வேண்டுமானாலும் ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள், மில்க்ஷேக் குடித்தபின் ஐஸ்க்ரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்திருக்கிறதல்லவா. உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் நேர்மாறு. மில்க்ஷேக் குடித்தபின்தான் அதிகம் சாப்பிட்டார்கள். கோடு தாண்டியாயிற்று, இனி என்ன என்ற மனநிலை. கோடு எவ்வளவு கறாராக இருக்கிறதோ அவ்வளவு சுலபமாக அது அறுந்துபோகிறது. ‘இனி வாழ்நாளில் தொடவே மாட்டேன்’ என்ற ஆரம்பசூரத்தனம்தான் பல நல்ல முயற்சிகளுக்குக் குழி தோண்டுகிறது.

பழக்கம் உருவாக 21 நாள் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1960இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக மூன்று வாரமாவது ஆகிறது என்று எழுதியதிலிருந்து திரிந்து வந்த எண் அது. லண்டனில் ஃபிலிப்பா லாலி 96 பேரை வைத்து நிஜமாகவே அளந்து, 2010இல் வெளியிட்டார். ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர, நடுவாந்திரமாக 66 நாள். விரைவாக வந்தவருக்கு 18 நாள், மெதுவாக வருபவருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு. தண்ணீர் குடிப்பது மாதிரி எளிய பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. அந்த ஆய்வில் என்னைத் தேற்றியது வேறொரு வரி. இடையில் ஒருநாள் தவறினால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை. என் ஒன்பதாவது நாள் பிஸ்கட்டால் ஒன்றும் கெட்டிருக்கவில்லை. கெடுத்தது அந்த ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஒரு சின்ன உத்தி இங்கே கைகொடுக்கிறது. ‘நல்லதாகச் சாப்பிடுவேன்’ என்று முடிவெடுப்பதைவிட, ‘இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைத்தால் அது நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. இரவு பத்து மணிக்கு மேல் பசியோடு வந்தால் இரண்டு முட்டை வேகவைத்து ஒரு பழத்தோடு சாப்பிடுவேன். அவ்வளவுதான். களைத்துப்போன மூளைக்கு யோசிக்கும் வேலை மிச்சம்.

கூடவே மனிதர்களும் வேண்டும். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் வளர்த்தெடுத்த கோட்பாடு, ஒரு செயலில் மனிதன் நீடிப்பதற்கு மூன்று தேவைகளைச் சொல்கிறது: இது என் விருப்பம் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, என்னோடு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. டாக்டர் திட்டினார் என்பதற்காகவோ, கண்ணாடியில் பார்த்து வெறுப்பு வந்ததற்காகவோ தொடங்கியது நீடிப்பது கடினம். வீட்டில் ஒருவர் மட்டும் தனித்தட்டு வைத்துச் சாப்பிடுவதும் கடினம்தான். எல்லோருக்கும் ஒரே சமையல் என்று ஆகிவிட்டால் பாதிப் போராட்டம் தீர்ந்துவிடும். ஹட்சா முகாமில் எவரும் தனக்கென்று தனி உணவு முறை வைத்திருப்பதில்லை.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹட்சா, சிமானே, நமீபியாவின் சான் மக்கள் ஆகியோரின் தூக்கத்தை 2015இல் அளந்தபோது இரவுக்கு ஆறேழு மணி நேரம்தான் தேறியது. நம்மைவிட அதிகம் தூங்குவார்கள் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துவிட்டது. ஆனால் எழும் நேரம் சீராக இருந்தது, தூக்கமின்மை என்ற புகார் மிக அரிது. தூக்கம் கெட்ட மறுநாள் என் கை எதைத் தேடும் என்பது எனக்குத் தெரியும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் கீழே போகலாம். ஓ’டியாவின் பத்துப் பேருக்கு நடந்த நல்லது, மருந்தோடு சேர்ந்தால் மயக்கத்தில் கொண்டுவிடும். மருந்தளவைக் குறைக்க வேண்டியிருக்கும், அதை மருத்துவர்தான் செய்யவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இறைச்சியையும் புரதத்தையும் கேட்காமல் கூட்டக்கூடாது. இவர்கள் தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது முறை நான் எதையும் நிறுத்தவில்லை. சமையலறையை மட்டும் மாற்றினேன். வாரத்தில் ஒருநாள் மாலை ஒரு மணி நேரம் அதற்கென்று ஒதுக்கினேன். கீரையை ஆய்ந்து, கழுவி, ஈரம் போக உலர்த்தி, துணியில் சுற்றி வைத்துவிடுகிறேன். கிழங்கைத் தோலோடு வேகவைத்து ஆறவிட்டு, மூடி போட்ட பாத்திரத்தில். படுக்கப் போகுமுன் ஒரு கிண்ணம் பயறில் தண்ணீர் ஊற்றுவது பல் தேய்ப்பதோடு சேர்ந்த வேலை ஆகிவிட்டது. காலையில் அது உப்பிக் கிடக்கும்போது அதைச் சமைக்காமல் விட மனம் வராது. பழங்கள் கழுவியபடி மேசை மேல், கண்ணெதிரே. குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் முதல் தட்டில் வெந்த முட்டை. விருந்தாளிகளுக்கு இப்போது வறுத்த கொட்டைகள் வைக்கிறேன்.

பிஸ்கட் வீட்டில் இல்லை. தடை எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. வேண்டுமென்று தோன்றினால் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கலாம், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம். கால் மணி நேரம் நடக்க வேண்டும், திரும்பக் கால் மணி நேரம். போன மாதம் இரண்டு முறை போனேன்.